ஆஜர் அக்காவின் நாலாம் அத்தியாயம்

போன ஒரு வருஷத்தில் மொத்தம் அறுபத்தொரு படிவங்கள். வேலையை விட்டுப் போனதற்கு என்ன காரணம் என்ற கேள்விக்கு ஐம்பத்தெட்டில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தது. மீதி மூன்றில் 'உடல்நிலை'.

வழிகாட்டிப் பேராசிரியர் படிவங்களை ஒருமுறை புரட்டினார். பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை புரட்டினார். அவருக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். எதிரே உட்கார்ந்திருந்த மாணவிக்கு நாற்பத்து மூன்று. அவர் அவளை 'மேடம்' என்பார், அவள் அவரை 'சார்' என்பாள். இப்படியே மரியாதைக்குக் குறைவில்லாமல் பகுதி நேர எம்.பி.ஏ. மூன்றாவது வருஷத்துக்கு வந்துவிட்டது.

"எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே மேடம்?"

"என் கையெழுத்துதான் சார்," என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. ஆபீசில் அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"வேலையை விட்டுப் போறவங்க எழுத வேண்டிய படிவம் இல்லையா இது?"

"அவங்க எங்க சார் வந்து எழுதப் போறாங்க? ஒரு நாள் வர மாட்டாங்க, அப்புறம் வரவே மாட்டாங்க. ஃபைலை மூடணும்ல? நானே எழுதிடுவேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். அவள் எடுத்திருந்த ஆய்வுத் தலைப்பு, புதிய தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்குள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பது. அதற்கு ஆதாரமாக அவள் கொண்டுவந்திருந்தது அவளே எழுதிய பதில்கள்.

"கேள்வி கேட்டதும் நீங்க, பதில் சொன்னதும் நீங்க. நடுவுல நான் எதுக்கு மேடம்?" என்றார். பிறகு இரக்கப்பட்டு, போனவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு வரச் சொன்னார். அறிக்கை கொடுக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் முடியாவிட்டால் அடுத்த வருஷம்தான் என்றும் சொன்னார்.

அடுத்த வருஷம் என்றால் அவளுக்கு ஆகாது.

அவள் வேலை பார்த்தது மின்சார சுவிட்ச் செய்யும் தொழிற்சாலையில். மனிதவளப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக எழுத்தர். வருகைப் பதிவு, ஷிஃப்ட் பட்டியல், விடுப்புக் கணக்கு எல்லாம் அவள் பொறுப்பு. காலையில் பதிவேட்டோடு உற்பத்திக் கூடத்து வாசலில் அவள் நின்றால், தாண்டிப் போகிற ஒவ்வொருவரும் "ஆஜர் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதலில் அது வருகைக்குச் சொன்ன பதில். போகப் போக அவள் பெயரே அதுவாகிவிட்டது.

அந்தப் பிரிவில் அதிகாரி பதவி ஒன்று காலியாகப் போகிறது. முதுகலைப் பட்டம் இருந்தால் அவளுக்குத்தான் என்று நிர்வாகம் எழுதியே கொடுத்திருந்தது. வருஷக் கடைசிக்குள் பட்டம் வராவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார். எந்த அலமாரிக்கு எந்தச் சாவி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே மிச்சம் இருக்கிற பதினைந்து வருஷத்தையும் ஓட்ட வேண்டியதுதான். எழுத்துத் தேர்வு எல்லாம் பாஸ். இந்த ஒரு அறிக்கைதான் பாக்கி.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பன்னிரண்டாவது படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். தாயும் மகளும் ஒரே மேஜையில்தான் படிப்பது. "நான் எழுத வேண்டிய விடையை நீ எழுதினா மட்டும் காப்பி. நீ ஆபீஸ்ல அறுபத்தொரு பேருக்கு எழுதியிருக்க. உன்னையெல்லாம் யாரும்மா பரீட்சைக்கு விட்டது?" என்றாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் எதையும் லிஃப்டை வைத்துத்தான் பேசுவார். "கீழ நின்னு பட்டனைக் குத்திக்கிட்டே இருந்தா வராதும்மா. எந்த மாடியில சிக்கியிருக்குன்னு நேர்ல போய்ப் பாக்கணும்," என்று முடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் பாதி அவளுக்கு ஃபோனோடு போனது. ஸ்டோர் ரூமில் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். பாதிப் பேர் எடுத்ததும் பயந்தார்கள். கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒருவர் அதைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார். மற்றவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, வீட்ல கொஞ்சம் வேலை" என்று மழுப்பினார்கள். இதைத்தானே நானும் எழுதினேன் என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

ஒன்பதாவதாகப் பேசிய பெண் மழுப்பவில்லை.

"திங்கக்கிழமை காலைல வந்தேன்க்கா. உனக்கு மதியம் ஷிஃப்ட்டுன்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்டுக்குப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள நேரமாயிடுச்சு, லேட்டுன்னு சிவப்புக் குறி. சரின்னு அடுத்த வாரம் மதியம் வந்தேன். காலைலயே வந்திருக்கணுமாம். எப்ப வரணும்னே தெரியாத வேலைக்கு எப்படிக்கா வர்றது?"

"பட்டியலை போர்டுல ஒட்டியிருப்பேனே, பாக்கலையா?"

"எந்த போர்டுக்கா?"

ஆஜர் அக்கா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

ஷிஃப்ட் பட்டியலைத் தயாரித்து உற்பத்திக் கூடத்துப் பலகையில் ஒட்டுவது அவள்தான். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒட்டுவாள். பழைய தொழிலாளர்களுக்கு அன்றைக்கு நாலு மணி வரை வேலை. போகிறபோது பலகையை ஃபோனில் படம் எடுத்துத் தங்கள் குழுவில் போட்டுக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதம் பயிற்சி என்பதால் சனிக்கிழமை ஒரு மணியோடு சரி. ஒரு மாதம் முடித்து வேலை நிலைத்தால்தான் அந்தக் குழுவிலும் சேர்ப்பார்கள். ஆக, பட்டியல் யாருக்கு அவசியமோ அவர்கள் கண்ணில் மட்டும் அது படவே இல்லை. வந்த புதிதில் யாரிடம் கேட்பது என்று கூச்சம். இரண்டு தடவை கேட்டில் எல்லோர் முன்னாலும் திரும்பிப் போனவர்கள் மூன்றாம் தடவை வரவில்லை.

ஃபோனில் சிக்கியவர்கள் மொத்தம் நாற்பத்து நாலு பேர். கேள்வியை மாற்றிக் கேட்டதும் முப்பத்தேழு பேர் இதே கதையைச் சொன்னார்கள்.

அவள் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒன்பது பேர், பத்துப் பேர்தான் நின்றிருக்கிறார்கள். சரியாக மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் எண்ணிக்கை எகிறியிருக்கிறது. அப்போது என்ன நடந்தது? விரலை நீட்டி மடக்கி யோசித்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. அப்போதுதான் அவள் எம்.பி.ஏ.வில் சேர்ந்தாள். வகுப்பு வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு முழுநாளும். அதற்கு முன்னால் பட்டியலை வெள்ளிக்கிழமையே இருந்து முடித்து, மறுநாள் காலை எல்லோரும் வரும்போது பலகையில் இருக்கிற மாதிரி ஒட்டிவிட்டுப் போவாள். வகுப்புக்காக நாலரைக்கே கிளம்ப ஆரம்பித்ததும் அந்த வேலை சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

ஆட்கள் ஏன் நிற்கிறார்கள் என்று படிக்கப் போனவளின் படிப்பினால்தான் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அழ நேரமில்லை. அறிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் பட்டியலைக் கவனித்தாள். அவள் பிரிவின் மேலாளர் அதில் வெள்ளிக்கிழமைதான் கையெழுத்துப் போடுவார். வியாழக்கிழமையே வேண்டும் என்று அவர் அறை வாசலில் போய் நின்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பிரதி கூடத்தில், ஒரு பிரதி பெரிய எழுத்தில் கேட்டில். காவலாளி அதைப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே ஒட்டியிருந்தா எத்தனை பேர்கிட்ட நான் திட்டு வாங்காம இருந்திருப்பேன்," என்றார்.

எட்டு வாரத்தில் இருபத்து மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இருபத்திரண்டு பேர் நின்று நிலைத்தார்கள். போன ஒருத்தியை ஃபோனில் பிடித்துக் கேட்டாள். கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாம். அந்தப் பெண்ணையே வரவழைத்து, அவள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டாள்.

மேலாளர் புதியவர்களுக்கு வாரம் ஒரு ஊக்க உரை ஆற்றுவார். அதனால் எப்போதும் வாயில் ஒரு தொண்டை மிட்டாய் இருக்கும். ஆட்கள் நிலைத்தது தன் உரையால்தான் என்று டைரக்டரிடம் சொல்லியும் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் அறிக்கையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். கம்பெனி சார்பில் அவர் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது.

நாலாம் அத்தியாயத்தில் எல்லாம் இருந்தது. பட்டியல், பலகை, சனிக்கிழமை, வகுப்பு, எல்லாம். படித்து முடித்ததும் அவர் மிட்டாயை விழுங்கிவிட்டார்.

"ஏம்மா, நம்ம தலைல நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கறதா? உன்னை நாலரைக்கு விட்டவன் நான். இது டைரக்டர் கைக்குப் போனா முதல் கேள்வி எனக்குத்தான். நாலாவதை எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. பயம்தான். வீட்டுக்கு வந்து அவளும் யோசித்துப் பார்த்தாள். போனால் பதினாறு பக்கம். அந்த இடத்தில் பாடப்புத்தகத்திலிருந்து 'ஊக்கமின்மை' என்று ஒரு நல்ல வார்த்தையைப் போட்டு ஒப்பேற்றினால் பட்டமும் வரும், பதவியும் வரும். யார் கேட்கப் போகிறார்கள்? பேனாவை எடுத்து 'ஊக்கமின்மையே முக்கியக் காரணம்' என்று எழுதியும் விட்டாள். எழுதி முடித்துப் பார்த்தால் அச்சு மாதிரியான அந்த எழுத்து அவளையே முறைத்தது. மறுபடியும் அதே வேலை. போனவர்களுக்குப் பதில் அவளே எழுதுகிறாள். காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.

மறுநாள் மேலாளர் முன்னால் அறிக்கை முழுசாகப் போய் உட்கார்ந்தது.

"நாலை எடுத்தா அஞ்சு நிக்காது சார். தப்பு என்னன்னு சொல்லாம, சரி பண்ணினதை மட்டும் எப்படிச் சொல்றது? இருபத்திரண்டு பேர் நிலைச்சிருக்காங்க. அதுக்கு வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நீங்க. அதையும் எழுதியிருக்கேன். எழுபத்தோராம் பக்கம்."

அவர் எழுபத்தோராம் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு தடவை படித்தார். மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது.

"'மேலாளரின் ஒத்துழைப்பு'ன்னு போட்டிருக்கியே, 'முழு ஒத்துழைப்பு'ன்னு போடக் கூடாதா?"

"முணுமுணுத்துக்கிட்டே போட்டீங்க சார். அதான் வெறும் ஒத்துழைப்பு."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பெரிய மருந்து கம்பெனியில் மனிதவளத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். அவளுக்கு முன்னால் உள்ளே போன மூன்று பேரும் முகம் வெளிறித்தான் வெளியே வந்தார்கள். ஆஜர் அக்காவின் முறை வந்தது. அந்த அம்மாள் நேராக நாலாம் அத்தியாயத்தைத்தான் திறந்தார்.

"இதுல 'பணியாளர் அ'ன்னு ஒருத்தரைச் சொல்றீங்க. பட்டியலை லேட்டா ஒட்டினவங்க, படிவத்தைத் தானே நிரப்பினவங்க. ரெண்டும் ஒரே ஆள். அவங்க மேல என்ன நடவடிக்கை எடுத்தாங்க?"

வழிகாட்டிப் பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நடவடிக்கை எடுக்கலை மேடம். அவங்களை இங்க தேர்வுக்கு அனுப்பியிருக்காங்க. பணியாளர் அ நான்தான்."

அந்த அம்மாள் அறிக்கையை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"எழுதாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே மேடம். அதோட, அதை விட்டுட்டா காரணமே கிடைக்காது. முப்பத்தேழு பேர் வாயால சொன்னதை நான் மறுபடியும் என் கையால மாத்தி எழுதினா, படிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

அதற்குப் பிறகு கேள்விகள் அரைமணி நேரம் போயின. ஏன் நாற்பத்து நாலு பேர் மட்டும், மீதிப் பதினேழு பேரை விட்டதால் முடிவு மாறாதா, எட்டு வாரம் போதுமா, ஒரு வருஷம் கழித்தும் இது நிற்குமா என்று துளைத்து எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. தெரியாத இரண்டுக்குத் தெரியாது என்றே சொன்னாள். கடைசியில் அந்த அம்மாள் பேராசிரியரிடம் திரும்பி, "நான் இருபது வருஷமா வெளிய போறவங்க படிவத்தைப் படிச்சிருக்கேன். யார் எழுதினதுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை நினைச்சா வெக்கமா இருக்கு," என்றார். அவளைப் பார்த்து, "போய்ட்டு வாங்க. பட்டியலை நேரத்துக்கு ஒட்டுங்க," என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வாக்கில் முடிவு ஃபோனில் வந்தது. பட்டியலில் முப்பத்தெட்டு பேர். அவள் வழக்கம்போலக் கீழேயிருந்து தேடிக்கொண்டு போனாள். காணோம். நடுவிலும் காணோம். உச்சியில் இருந்தது. ஆய்வறிக்கையில் முதல் மதிப்பெண், மொத்தத்திலும் முதல் இடம்.

செய்தி கேட்டு மேலாளர் அறையை விட்டு வெளியே வந்தார். கூடத்தில் எல்லோரும் கேட்கிற மாதிரி, நாளைக்கே உத்தரவு வரும், இனிமேல் அக்கா மனிதவள அதிகாரி என்று அறிவித்தார். சுவிட்ச் பொருத்திக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்று தட்ட ஆரம்பித்தன. புதிதாக வந்து நிலைத்த இருபத்திரண்டு பேர் எழுப்பிய சத்தம் தனியாகக் கேட்டது. மகளுக்குச் செய்தி அனுப்பினாள். "இனிமே என் மார்க்கை நீ கேக்கும்போது எனக்கு பயமா இருக்கும்," என்று பதில் வந்தது.

பிறகு கணவருக்கு ஃபோன் செய்தாள். அவர் எங்கோ ஒரு கட்டிடத்தில் வேலையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் "ஒரு நிமிஷம் இரு," என்றார். அப்புறம் யாரிடமோ, "என் வீட்டம்மா முதல் ரேங்க்ல பாஸ் பண்ணி அதிகாரி ஆயிட்டாங்க," என்று உரக்கச் சொல்வது கேட்டது. தொடர்ந்து தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கைதட்டல்.

"யாருங்க தட்றது?"

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நாலு பேர் மாட்டியிருக்காங்க. எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க. நீயும் ரெண்டு வார்த்தை பேசேன், ஸ்பீக்கர்ல போடறேன்."

"முதல்ல அவங்களைத் திறந்து விடுங்க," என்றாள் அவள்.

உத்தரவு கையில் வருவதற்கு முன்பே அதிகாரி போட்ட முதல் உத்தரவு அதுதான்.