இரண்டு நொடித் தாமதம்

நிலநடுக்க ஆய்வு மையத்தில் பதினொரு ஆண்டுகளாக அலைகளைப் படிப்பதுதான் அவள் வேலை. எங்கோ தரை குலுங்கினால் அந்த அதிர்வு பூமியின் வயிற்றுக்குள் புகுந்து வரும். கெட்டிப் பாறையில் விரையும், இளகிய இடத்தில் தயங்கும். மையத்தின் மலை நிலையத்துக் கருவியில் மட்டும் ஆழத்து அலைகள் இரண்டு நொடி பிந்துவதை அவள்தான் கண்டாள். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் கீழே, உருகிய இரும்புக் கடலின் விளிம்பில், பாதி உருகிய பாறைமேடு இருக்க வேண்டும் என்று எழுதி இயக்குநரிடம் கொடுத்தாள். அவர் அவளுடைய அக்கா கணவர்.

கட்டுரை அவர் பெயரில் மட்டும் வெளிவந்தது.

"என்ன அத்தான், என் பேரைக் காணோம்?"

"நமக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு? வேலை வாங்கிக் குடுத்தது யாரு?"

அக்காவிடம் முறையிட்டாள். "குடும்பத்துக்குள்ள விட்டுக்குடுக்கக் கூடாதா?" என்றாள் அக்கா.

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள். மலை நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரி. அங்கே வெடி வைத்த நேரங்களை வாங்கிவந்து பார்த்தால், ஆழத்துக்கே போகாத அந்த அதிர்வுகளும் இரண்டு நொடி பிந்தியிருந்தன. நிலையத்துக் கடிகாரம் முந்தி ஓடியிருக்கிறது. கீழே மேடும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது.

அவள் வாயைத் திறக்கவில்லை. அத்தானின் புத்தகத்துக்குப் படங்கள்கூட வரைந்து கொடுத்தாள். மூன்று வருடத்தில் அவர் உச்சிக்குப் போனார். பெரிய மாநாட்டில் அவருக்கு விருது. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி நேரத்தில் இவள் எழுந்தாள்.

"மலை நிலையத்துக் கடிகாரத்தைச் சரிபார்த்தீங்களா?"

அவர் சிரித்தார். "அலையெல்லாம் படிச்சது நீதானேம்மா."

"அப்படியா? கட்டுரையில என் பேரே இல்லையே."

குவாரிக் காகிதங்களை மாநாட்டுத் தலைவரிடம் நீட்டினாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, விருதுப் பெட்டியை மெல்ல மூடினார்.

வெளியே வந்ததும் அத்தான் வழிமறித்தார். "எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"கட்டுரை வந்த வாரமே. நீங்க நல்லா மேல ஏறட்டும்னு இருந்தேன்."

ஒரு மாதத்தில் அவர் பதவி விலகினார். தெரிந்தும் மறைத்ததற்காக அவளை நூலகத்துக்கு மாற்றினார்கள். அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அக்காவை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தானை நினைத்துக்கொண்டால் இறங்கியது.