முள் அடியில் விழுந்தபோது

1

வாலாஜாபாத் சாலையோரம் ஒரு பெண் தன் கணவனின் மணிக்கட்டை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றதைப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தேன். 2012 கோடை. பக்கத்தில் பானெட் திறந்த பழைய கார். கண்டது அவ்வளவுதான்; மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

"பேச்சிராஜுக்கு வேலை போன அன்று மழை..." (வேண்டாம். பரிதாபத்தில் தொடங்கினால் கார் காணாமல் போய்விடும்.)

தென்காசிப் பக்கத்துக்காரன் பேச்சிராஜ். ஒரகடத்தில் வேலை போனதும் அந்தக் காரை வாங்கினான். வாலாஜாபாத்திலிருந்து பெண்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் சவாரிக்கு இன்று வெள்ளோட்டம். சொதப்பினால் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். முன்சீட்டில் மனைவி கனகலட்சுமி.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சில நாட்களாகப் பேயாட்டம் ஆடியது. விளக்கைப் போட்டால் எகிறும், அணைத்தால் இறங்கும். எர்த் வயரில் துரு என்று அவனே கண்டுபிடித்தான், சுரண்டி முறுக்கினான். ஆட்டம் நின்றது. (அவன் கண்டுபிடித்தது சரிதான். வினையே அங்குதான்.)

3

வடக்குப்பட்டு நெருங்கும்போது முள் சிவப்பைத் தொட்டது. விளக்கு ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தான், முள் அசையவில்லை. பிறகு பட்டென்று அடியில் விழுந்தது. மறுபடி அந்த வயர்தான் என்று சொல்லி நிம்மதியாக மூச்சு விட்டான்.

கனகலட்சுமிக்கு ஏதோ கருகும் வாடை அடித்தது. எஞ்சின் தண்ணீரின் சூட்டில் ஓடும் ஹீட்டரைப் போட்டாள். போன வாரம் முகத்தை வேகவைத்த காற்று இப்போது சூடே இல்லாமல் வந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

பின்சீட்டில் நெருக்கியடித்திருந்த தொழிற்சாலைப் பெண்களில் ஒருத்தியான காவேரி, "ஷிப்டு போயிடும்க்கா, கொஞ்ச தூரந்தான கீது" என்றாள்.

4

நிறுத்தினான். முகம் சுண்டிப்போய் இறங்கி, ரேடியேட்டர் மூடிமேல் துணியைப் போட்டான்.

"தொடாதீங்க."

"ஏட்டி, முள்ளு கீழதான கெடக்கு?"

"தண்ணி இருந்தாத்தான முள்ளுக்குச் சூடு தெரியும்?"

முதல் வரைவில் நீராவி சீறி அவன் முகத்தைப்... (அந்த வரியை அடித்துவிட்டேன். காயம் எனக்குத்தான் தேவைப்பட்டது, அவளுக்கு இல்லை.) கனகலட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உதறினான். விடவில்லை. மூடிக்குள் ஏதோ கொதித்து உறுமுவது அவனுக்கும் கேட்டது. கை தளர்ந்தது.

பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். ஏறும்போது காவேரி மட்டும் திரும்பி, "நாளைக்கு வாண்ணா. தண்ணிய பாத்துகினு வா" என்றாள்.

5

எல்லாம் ஆறியபின், ரப்பர் குழாயிலிருந்த கீறலை டேப்பால் சுற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். எஞ்சின் வெந்து போயிருக்கலாம், தப்பியும் இருக்கலாம். எஞ்சின் உறுமி எழும் முடிவு ஒன்றை எழுதினேன். எஞ்சின் போய்விட்டதென்று சைலன்சர் வெள்ளைப் புகை கக்கும் முடிவு இன்னொன்று. இரண்டிலும் மாறாமல் நின்றது இவ்வளவுதான்: பேச்சிராஜ் சாவியைச் சொருகினான், திருகவில்லை.

"நீ சொல்லு. போடட்டுமா?"

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. முன்சீட்டில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். கேட்டுவிட்டு அவன் காத்திருக்கிறான்.