வாடகைக்கு விட்ட ஜன்னல்

1

இது தம்பிக்கு எழுதத் தொடங்கிய பதில். எங்கள் சொந்த ஊரான மேடானிலிருந்து ஃபோனில் கேட்டான்: "அக்கா, அப்பா வீட்ட அறை அறையா தடுத்து வாடகைக்கு விட்டா லாபமா? யோக்யாவுல காலம் பூரா வாடகை அறையில இருந்தவ நீதானே, உனக்குத் தெரியாதா?"

'லாபம்தான்' என்று எழுதினேன். அடித்தேன். கீழே, யோக்யாவில் எனக்கு அறை கொடுத்த வீட்டுக்காரரை நினைத்து, 'வாகியெம் அம்மா' என்று எழுதினேன். அதோடு கடிதம் கெட்டது.

2

முதல் தொடக்கம்: 'வாகியெம் பேராசைக்காரி.' அபாண்டம். புருஷனை இழந்தவர், கையில் இருந்தது ஒரு வீடு. வருட வாடகையை முன்கூட்டியே வாங்கி, அந்தப் பணத்தில் அடுத்த அறையைக் கட்டினார். பதினோரு அறைகள். அவர் படுத்தது சமையலறையை ஒட்டி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில்.

இரண்டாம் தொடக்கம்: 'பாத்தாம் தீவுக்கு வேலைக்குப் போன மகனின் அறையையும் ஒருநாள் அவர்—'

முடிக்க முடியவில்லை. அந்த அறையை எடுத்தவள் நான்.

3

அது பெண்கள் மட்டும் தங்கும் வீடு. ஆண்கள் முன்கூடத்தைத் தாண்டக் கூடாது என்று அம்மாவே பலகையில் எழுதி மாட்டியிருந்தார். அந்தப் பலகையை நம்பித்தான் பெற்றவர்கள் பெண்களை விட்டுப்போனார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது பண்டிகை இல்லை; நான் மட்டும் இருந்தேன். நான்கு வருடம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மகன் சுகெங் வந்து நின்றான்.*

முன்கூடத்தில் மண்டியிட்டு, அம்மாவின் முழங்காலில் தலைவைத்து, வழக்கப்படி ஒரு வருடப் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டான். அம்மா அழுதார். பிறகு பையை எங்கே வைக்கலாம் என்று அவன் கேட்டான்.

"வாடகைக்கு விட்டப்புறம் அது நம்ம அறை இல்லப்பா," என்றார் அம்மா. "அந்தப் பொண்ணு இருக்கு. நானே உள்ள போறதில்ல."

பள்ளிவாசலில் படுத்துக்கொள்வதாக அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்: "ஜன்னல் இன்னும் இறுகிக்குதா?"

மூன்று வருடமாகத் திறந்ததே இல்லை என்றேன்.

"கீழ் மூலையில முட்டியால ஒரு இடி இடிச்சு, தூக்கித் தள்ளுங்க. திறந்துக்கும்."

* அவன் சட்டை நிறத்தை மூன்று முறை மாற்றி எழுதிப் பார்த்தேன். எதுவும் நினைவில்லை. பையில் கட்டியிருந்த கயிறு மட்டும் நினைவிருக்கிறது.

4

இந்த இடத்தில் ஒரு நல்ல முடிவு இருக்கிறது: நான் என் துணிகளை அள்ளிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போகிறேன், அவன் தன் கட்டிலில் தூங்குகிறான். தோழி வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

(போகவில்லை. வருடம் முழுக்கக் காசு கொடுத்திருக்கிறேன், நான் ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.)

இரண்டு நாள் முன்கூடத்தில் விருந்தாளி போல உட்கார்ந்து பலாக்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

5

அடுத்த பெருநாளுக்கு அவன் வரவில்லை, ஃபோன்தான் வந்தது. பாத்தாமிலேயே ஒரு அறை எடுத்துவிட்டானாம். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரியாம், பண்டிகைச் சாப்பாடு அவர்களே கொடுத்துவிடுவார்களாம். அம்மா இதை என்னிடம் சொன்னபோது குரலில் மாற்றமே இல்லை. துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனார்.

தம்பி, பணத்தைக் கேட்டால் லாபம்தான். கூரை ஒழுகவில்லை, யாரிடமும் அவர் கைநீட்டவில்லை. மற்றதை இங்கே எழுத நினைத்து நாலு பக்கம் கிழித்தேன்.

ஃபோன் வந்த அன்று எனக்கு அறையில் மூச்சு முட்டியது. வெட்கத்தில் ஒரு வருடம் தொடாமல் வைத்திருந்த ஜன்னலின் கீழ் மூலையில் முட்டியால் இடித்தேன். தூக்கித் தள்ளினேன். கிறீச்சென்று திறந்தது.

கொல்லையில் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்த அம்மா, ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, திரும்பாமலே கேட்டார்:

"சுகெங், எந்திரிச்சிட்டியாப்பா?"

நான் சொன்ன பதிலை எழுதவில்லை. ஜன்னலில் இப்போது நீ நிற்கிறாய், தம்பி. அவர் இன்னும் திரும்பவில்லை.