சாத்துவதற்கு ஜன்னல் இல்லாத இடம்

கடலுக்குள் பார்க்க மாட்டிக்கொள்ளும் முகக்கண்ணாடியின் ரப்பர் பட்டை மனைவியின் கொண்டையில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த போஸ்ட்மாஸ்டர் கை கொடுக்கவில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் மனைவியின் தலைமுடியில் கை வைக்கும் வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது. படகுக்காரர்தான் வந்து, "கொண்டைய அவுத்து விட்ருங்கம்மா. மீனு ஒண்ணும் குத்தம் சொல்லாது," என்றபடி பட்டையை விடுவித்தார். படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். போஸ்ட்மாஸ்டர் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு முறை தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்கு வீட்டில் ஓர் அர்த்தம் உண்டு. இங்கே அது இன்ஜின் சத்தத்தோடு போயிற்று.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் தெருவில் அவர் போஸ்ட்மாஸ்டர்தான். ஊரார் கடிதங்களை ஒட்டிய உறை பிரியாமல் முப்பத்தைந்து வருடம் கொண்டு சேர்த்தவர், தன் வீட்டு விஷயத்தைப் பிரித்துப் போட்டு வைப்பாரா? அவர் வீட்டில் அதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. கடுமையாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் முதலில் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். பிறகு சமையலறை ஜன்னல். அதன் பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பார். கொக்கி விழும் சத்தம் கேட்டாலே மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காதில் ஒரு சுடுசொல் விழுந்ததில்லை. சொத்தென்று அவர் சேர்த்து வைத்தது அதுதான்.

அந்தச் சொத்துக்கு நாற்பது நாளாய் ஆபத்து. மகள் ஒரே ஒரு பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து வந்து பக்கத்து அறையில் இருக்கிறாள். ஜன்னலைச் சாத்திப் பயனில்லை, கேட்கக் கூடாதவள் உள்ளேயே இருக்கிறாள். தெருவில் கேட்டவர்களிடம், "லீவுல வந்திருக்கா," என்று சொல்லி வைத்தார். மருந்துக்கடைக்காரம்மா விடுவாளா? "நாப்பது நாள் லீவு குடுக்கற ஆபீஸா? எங்க பையனுக்கும் அங்க ஒரு வேல சொல்லி விடுங்க சார்," என்றாள். அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதே மருந்துக்கடைக்காரம்மா இதோ, எதிர்ப் பலகையில் புருஷனோடு உட்கார்ந்து மூச்சுக்குழாயை வாயில் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். போகிற இடத்துக்கெல்லாம் தெருவும் கூடவே வருகிறது.

திங்கட்கிழமை மகளைக் கொண்டு வந்து விடுவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி. வீட்டில் சொல்ல இடமில்லை. அந்த நேரத்தில்தான் கல்யாண நாளுக்கென்று மகளே இந்தத் தீவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்தாள். "போய்ட்டு வாங்கப்பா. ஒரு நாள் நான் வாசக்கதவத் தொறந்து போட்டுட்டு உக்காந்திருக்கேன்," என்றாள். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். கணுக்காலுக்கு மேல் கடல் நீர் படாத மனிதர் உடனே சரி என்றதில் மனைவிக்கு வியப்பு.

பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவு. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, கொஞ்சம் தென்னை. தண்ணீர் ஏறினால்தான் படகு கிளம்பும், நாலு மணி ஆகும் என்றார் படகுக்காரர். போனுக்குச் சிக்னலும் இல்லை. நல்லதுதான் என்று போஸ்ட்மாஸ்டர் மனைவியைக் கிழக்குக் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே மருந்துக்கடைக்காரம்மா கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேற்கே போனார்கள். புதிதாய்க் கல்யாணமான ஜோடி ஒன்று மணலில் படுத்திருந்தது. கொட்டகையில் மற்றவர்கள். மணி பதினொன்றரைக்குள் தீவு முடிந்துபோயிற்று.

பன்னிரண்டு மணி வாக்கில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மற்றவர்களெல்லாம் ஒரு சுற்று தண்ணீரில் இறங்கி மீன் பார்த்துவிட்டுப் படகில் ஏறிச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். தண்ணீரில் யாரும் இல்லை. "நாம எறங்கலாம்," என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஆளுக்கு ஒரு பக்கமாய்ப் பிடித்துக்கொள்ள ஒரு மிதவை வளையம். அதை நீளமான கயிற்றில் கட்டிப் படகுக்காரர் தள்ளிவிட்டார். "வளையத்த விடாதீங்க சார். விட்டாலும் பயமில்ல. இந்த ஜாக்கெட்டப் போட்டுட்டு முங்கணும்னு நெனச்சாக்கூட முங்க முடியாது."

கயிறு முழுவதும் நீண்ட பிறகு போஸ்ட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். படகு சின்னதாகத் தெரிந்தது. திருப்தியாக இருந்தது. மனைவி அதற்குள் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். மூச்சுக்குழாய் மட்டும் மேலே நின்று மூச்சு விட்டது. வளையத்தைத் தட்டினார். அவள் நிமிர்ந்தாள்.

"திங்கக்கிழம பாப்பாவக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன். சம்பந்திகிட்ட சொல்லியாச்சு."

அவள் குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

"அவன் வேலைக்குப் போறப்ப அவள உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போறான். சாவி அவன்கிட்ட மட்டும்தான். மூணு வருஷமா."

"மெதுவாப் பேசு."

"இங்க யாரு இருக்கா?"

"தனியா இருக்கற பொண்ணு. ஜாக்கிரதைக்குப் பூட்டறான். அதுக்காகப் பொட்டியத் தூக்கிட்டு வந்துடறதா?"

"நீங்க ஜன்னல் சாத்தறப்பல்லாம் நானும் ஜாக்கிரதன்னுதான் நெனச்சுக்கிட்டேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காதில் தண்ணீர் புகுந்தவர்கள் பேசுவது போல, தன் குரலின் அளவு தனக்கே தெரியாமல், உரக்கச் சொன்னாள். "காலையில நீங்க குளிக்கப் போனப்ப சம்பந்தியம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமன்னு நீங்க வாக்குக் குடுத்தத அவங்கதான் சொன்னாங்க. அவ திங்கக்கிழம இல்ல, இனிமேலயும் வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

அப்போது மருந்துக்கடைக்காரருடைய தாழ்ந்த குரல் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்று சொன்னது போல அவர் காதில் விழுந்தது.

"பாவம்டி. பொண்ண உள்ள வச்சுப் பூட்டிட்டாப் போவான்?"

திரும்பினார். படகில் ஒருவரும் சாப்பிடவில்லை. மருந்துக்கடைக்காரம்மாவின் கை பொட்டலத்துக்கும் வாய்க்கும் நடுவே நின்றிருந்தது. அவர் பார்ப்பதைக் கண்டதும் எல்லோரும் ஒன்றாகக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. வெயில் உச்சியில் நின்றது. நாலு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம். சம்பந்தியிடம் ஒரு வார்த்தை பேசிச் சமாளிக்கலாமென்றால் போன் இல்லை. எழுந்து போகலாமென்றால் காலுக்குக் கீழே தரை இல்லை. முங்கவும் முடியாது என்று படகுக்காரர் முன்பே சொல்லிவிட்டார்.

"வந்ததுக்கு ஒரு தடவ உள்ள பாருங்க," என்று சொல்லிவிட்டு மனைவி மறுபடி குழாயைக் கவ்விக்கொண்டாள்.

முகத்தை வைத்துக்கொள்ள அந்த ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. போஸ்ட்மாஸ்டர் குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். அவருடைய மூச்சே அவர் காதில் இடிபோல் கேட்டது. இதுவும் படகுவரை கேட்குமோ என்று நினைத்தார். மீன்கள் எதையும் அவர் பார்க்கவில்லை. கீழே வெள்ளை மணலில் வளையத்தின் வட்ட நிழல் விழுந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு இரண்டு நிழல்கள். ஒன்று தன்னுடையது என்பதைக் காலை அசைத்துத் தெரிந்துகொண்டார்.

மற்ற நிழல் வட்டத்திலிருந்து மெல்லப் பிரிந்தது. அவிழ்ந்த கூந்தல் ஒரு பக்கம் பரவ, கைகளை விரித்துக்கொண்டு மணலின் மேல் நகர்ந்தது. கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் குழாயை எடுக்க வேண்டும். எடுத்தால் எல்லோருக்கும் கேட்கும். அவர் குழாயின் ரப்பரைப் பல்லால் இறுகக் கடித்தபடி, இரண்டு கையாலும் வளையத்தைப் பற்றிக்கொண்டு பார்த்தார். நிழல், மணல் சரிந்து நீலம் தொடங்கும் விளிம்புவரை போயிற்று. அங்கே சற்று நின்றது.