இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?

"என்னைத் தம்பின்னு கூப்பிடக் கூடாது. சார்னு கூப்பிடணும்."

"உன்னையா?" அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "மூக்கு ஒழுக என் பின்னாடியே சுத்தினவன் சாரா?"

தையல்காரர்களின் 'நாளைக்கு வாங்க' என்ற வார்த்தையை ஒழிக்கத் தம்பி ஒரு செயலி செய்திருந்தான். எந்தத் துணி எந்த நாளில் தயாராகும் என்ற உண்மையை அது வாடிக்கையாளரின் போனுக்குச் சொல்லிவிடும். அதில் பணம் போட ஒரு முதலீட்டாளர் முன்வந்தார். ஆனால் செயலியைப் பயன்படுத்தும் ஒரு கடையை நேரில் பார்க்க வேண்டும், அது உறவுக்காரர் கடையாக இருக்கக் கூடாது என்றார். பணம் வராவிட்டால் மாதக் கடைசியில் கம்பெனியை மூடிவிட்டு, உதறிவிட்டு வந்த பழைய வேலைக்கே தம்பி போய் நிற்க வேண்டும். அவனுக்குத் தெரிந்து, செயலியைத் திட்டாமல் பயன்படுத்துகிறவள் அக்கா ஒருத்திதான். உண்மை பேசும் செயலிக்கு ஒரு பொய் முட்டுக்கொடுக்கப் போகிறது. கடவுள் பார்த்துச் சிரிக்காமலா இருந்திருப்பார்?

"என்னமோ சீட்டுன்னு சொன்னியே. சீட்டுப் பிடிக்கிறவங்க ராத்திரியோட ராத்திரியா ஓடிருவாங்கடா."

"சீட்டு இல்லக்கா, சீட் ஃபண்டிங். தொழில் முளைக்கப் போடுற விதை மாதிரி."

"முளைக்கட்டும், நல்லது. பொய் சொல்லப் போறது நான்தானே?"

"பொய்யே வேணாம். தம்பின்னு மட்டும் சொல்லிராத."

முதலீட்டாளர் வந்தார். நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அக்கா வாரி எடுத்தாள். "உட்காருங்க தம்பி." அவர் சட்டைக் கையில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. "கையக் கொஞ்சம் நீட்டுங்க தம்பி," என்று, பேச்சோடு பேச்சாகத் தைக்கத் தொடங்கினாள். தலை முழுக்க நரைத்த கூரியர்காரர் எட்டிப் பார்த்தார். "பார்சல அங்க வெச்சிருங்க தம்பி." பிறகு ஜன்னலோரம் நின்றவனைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வெளிச்சத்த மறைக்கிறீங்க சார்."

முதலீட்டாளர் பொத்தானைத் தடவிப் பார்த்தார். "நான் தம்பி. அந்தப் பெரியவரும் தம்பி. இவர் மட்டும் எப்படிம்மா சார்?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவன்தாங்க நெஜத் தம்பி."

ஜன்னலோரம் நின்றவன் திரைச்சீலையோடு திரைச்சீலையாக ஒட்டிக்கொண்டான்.

அந்த நேரத்தில் ஒரு பெண்மணி கடைக்குள் வந்தாள். முதலீட்டாளர் அவளையும் விடவில்லை. "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கா? என் பொண்ணோட யூனிஃபார்ம் வேணும். இன்னைக்கு ரெடின்னு போன்ல வந்துச்சே."

அக்கா மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். பெண்மணி தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்னெல்லாம் இந்தக் கடைக்கு நடந்தே செருப்பு தேஞ்சுது. இப்ப ஒரே நடைதான்," என்று சொல்லிப் போனாள்.

முதலீட்டாளர் தம்பி பக்கம் திரும்பினார். "உங்க செயலியில இருக்கிற மத்த கடைகளெல்லாம் யாரோடது? மறைக்காம சொல்லுங்க."

"பாதி எங்க சொந்தம் சார்."

"மீதிப் பாதி?"

தம்பி திரைச்சீலையின் ஓரத்தை முறுக்கினான். "அக்கா வீட்டுக்காரர் சொந்தம்."

முதலீட்டாளர் சிரித்த சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. "உங்க வீட்டுல யாருக்குமே பொய் சரியா வரல. அத நம்பிப் பாதிப் பணம் தரேன். சொந்தமே இல்லாத தெருவாப் பார்த்துப் பத்துக் கடை பிடிங்க. மீதிய அப்புறம் பேசலாம்."

மறுநாள் தம்பி ஊரின் மறுகோடிக்குப் போனான். முதல் கடையில் மிஷின் பெல்ட் அறுந்து கிடக்க, தையல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் மிஷினோடு வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. செயலியைப் பற்றி வாயே திறக்காமல், குந்தி உட்கார்ந்து பெல்ட்டைச் சரிசெய்து கொடுத்தான்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் வந்தது.

"மூணு கடை சேர்ந்தாச்சுக்கா."

"அப்புறம் ஏன்டா குரல் இப்படி இருக்கு?"

"ரெண்டு கடையில என்னை மகனேன்னு கூப்பிடுறாங்க. பெல்ட் அறுந்த கடைக்காரர் மாப்பிள்ளைங்கறார். சொந்தமே கூடாதுன்னாரேக்கா அந்த மனுஷன்."

"சும்மா வாய் வார்த்தைக்குக் கூப்பிடுவாங்கடா."

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்குக்கா."

அக்கா விளக்கை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். "அங்கேயே இரு. நானும் வரேன்."