சுவரில் எட்டாவது கண்ணாடி

மூன்று வருடச் சாந்தில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அன்று என் கட்டைவிரல் நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஹெட்லி பாரக்ளோ எங்கள் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய பழைய ஸ்கார்டன் ஆலையின் கிழக்குச் சுவரில் ஒரு விரிசல். சுவர் நகர்கிறதா என்று பார்க்க, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, சாந்தில் தேதியைக் கீறி வைப்போம். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அந்தச் சுவரை ஒட்டிய, ஆலைக்குச் சொந்தமான வீட்டில்தான் ஹெட்லி நாற்பது வருடமாகக் குடியிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, வயது எழுபத்தெட்டு. கண்ணாடி உடைந்தால் அவர் வீட்டைப் பூட்டிவிட வேண்டும் என்று இன்ஜினியர் டன்கன் எழுதிக் கொடுத்திருந்தான்.

கண்ணாடி உடையவே இல்லை. ஆலையைச் செப்பனிடும் கமிட்டியின் தலைவர் நாரிஸ் ஹெலிவெல் ஒவ்வொரு கூட்டத்திலும் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். நானும் அதை நம்பி, கல்லிடுக்கில் எவனோ அப்பியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை அடைத்துக்கொண்டிருந்தேன். நான் கொத்தனார். கண்ணாடி பார்ப்பது என் வேலையில்லை. அன்று ஏதோ தோன்றி, மூன்று வருடம் முந்தைய தேதி கீறியிருந்த அந்தச் சாந்தைத் தொட்டுப் பார்த்தேன்; புதிதாகப் பூசியது.

நேராக ஹெட்லியின் கதவைத் தட்டினேன்.

"எத்தனை தடவை மாத்துனீங்க?"

"டீ குடிக்கிறியா, பெரில்?"

"எத்தனைன்னு கேட்டேன்."

"ஏழு. பால் கொஞ்சம்தான் இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சுவரு உங்க தலைல விழுந்தா நாந்தான் தோண்டி எடுக்கணும். எனக்கு வேற வேலையில்லையா?"

"கட்டில அந்தப் பக்கச் சுவத்துக்கிட்ட தள்ளிப் போட்டுட்டேன்."

"வெள்ளிக்கிழமை டன்கன் வர்றான். நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லிட்டு எங்க போறது?"

டீயைக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை டன்கனும் நாரிஸும் இருந்த ஆலை அறைக்கு அவர் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே உடைந்த கண்ணாடிகள் ஏழும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி இருந்தன. ஒவ்வொரு காகிதத்திலும் உடைந்த தேதி. மூன்றில் நிமிடம் வரைக்கும் இருந்தது. பஸ் ஓட்டியவர் பழக்கம்.

"இது பச்சை மோசடி," என்றார் நாரிஸ்.

டன்கன் அவரைக் கவனிக்கவில்லை. காகிதங்களை மேசையில் வரிசையாக அடுக்கினான். ஏழும் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் உடைந்தவை. மூன்று வருடமும் அப்படியே.

"இந்த மாசங்கள்ல இங்க என்ன பண்ணுவீங்க?"

"மதகை மூடிச் சுவத்தடி வாய்க்காலக் காயப்போடுவோம்," என்றார் நாரிஸ் பெருமையாக. "அஸ்திவாரம் ஈரமா இருக்கக் கூடாதில்ல? தீர்மானமே போட்டிருக்கோம்."

வேலைக்கு வசதி என்று நானும் தலையாட்டியவள்தான்.

டன்கன் சொன்னபடி சுவரடியில் தோண்டினேன். பாறை இருக்கும் என்று எல்லோரும் நினைத்த இடத்தில் எல்ம் மரக்கட்டைகள் நெருக்கமாக அடித்து இறக்கப்பட்டிருந்தன. மேல் நான்கு அங்குலம் இஞ்சிக் கேக் மாதிரி உதிர்ந்தது. அதற்குக் கீழே ஈரத்தில் இருந்த பாகத்தில் உளி இறங்கவில்லை.

"தண்ணில கிடக்கிறவரைக்கும் இதுக்குச் சாவே கிடையாது," என்றான் டன்கன். "காஞ்சா உளுத்துடும்."

இருநூற்று முப்பது வருடம் கவனிப்பாரற்று நின்ற சுவரை மூன்றே கோடையில் கவனித்துக் கெடுத்திருந்தோம்.

"தீர்மானம் ஒருமனதா நிறைவேறுச்சு," என்றார் நாரிஸ்.

டன்கன் ஹெட்லியிடம் திரும்பினான். "இந்த டப்பா இல்லேன்னா எனக்குப் பிடிபட்டே இருக்காது. ஆனா வீட்ட இன்னிக்கே காலி பண்ணணும்."

"எத்தன நாளைக்கு?"

"அடிய துண்டு துண்டாத் தோண்டிக் கட்டணும். மூணு வருஷம் ஆகும்."

"எனக்கு எழுபத்தெட்டு."

டன்கனுக்கு முப்பத்திரண்டு. "அதுக்கென்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல. மொதல்ல தண்ணிய விடுங்க."

நாரிஸ் தொண்டையைச் செருமினார். "திரும்ப வர்றதப் பத்திக் கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும். கண்ணாடிய மாத்தினவருக்கு..."

"மதகை மூடினவங்களுக்கும் சேத்து முடிவு பண்ணுங்க," என்றேன். "வீடு அவருக்குத்தான்னு எழுதுங்க. அப்பத்தான் நான் கரண்டியத் தொடுவேன்."

எழுதினார். கையெழுத்து மட்டும் கோணலாக இருந்தது.

மதகுச் சக்கரத்தை ஹெட்லியே திருகினார். சேறும் சருகுமாகத் தண்ணீர் வந்து சுவரடியை நனைத்ததைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு என் வேனில் ஏறினார். ஹாலிஃபாக்ஸில் அவர் அக்கா மகள் வீட்டில் விடுவதாக ஏற்பாடு. பாதி வழியில் கேட்டார்:

"பெரில், என் வீட்டுப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்பியா? அது முடிஞ்சா நான் வந்துடலாமில்ல?"

டன்கனின் வரைபடத்தில் அது கடைசியாகத் தோண்டவேண்டிய துண்டு. கிளம்புவதற்கு முன்தான் பார்த்திருந்தேன்.

"திங்கட்கிழமையே அங்கதான் கைவைக்கிறேன்," என்றேன்.