பாதி மூடி

சாப்பாட்டு அறையில் நீலம் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, காந்தம் தட்டைக்கூட எடுக்காமல் ஓடிவந்து எதிரில் உட்கார்ந்தாள். இரண்டுமே அந்த ஆராய்ச்சிக் கப்பல் வைத்த பெயர்கள். கடலடியைத் துளைத்து எடுக்கிற சேறு நீளக் குழாயில் மேலே வரும். அதை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் மேல்முனையில் நீல மூடி, அடிமுனையில் வெள்ளை மூடி போடுவது நீலத்தின் வேலை. போடும்போதெல்லாம் "நீலம் மேலே!" என்று தொண்டை கிழியக் கத்துவார். இருபத்திரண்டு பயணமாகக் கத்திக் கத்தி, அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோயிற்று. அவளுக்கு இது முதல் பயணம். சேறு படியும்போதே அன்றைய வடக்கு எந்தப் பக்கம் என்பதும் அதில் பதிந்துவிடுமாம். அதை அளக்கிற கருவியைக் கட்டிக்கொண்டு அழுததில் அவள் காந்தம் ஆனாள்.

"அண்ணே, கெடைச்சிருச்சு!"

"என்னம்மா கெடைச்சுது? மொதல்ல ஏதாவது சாப்புடு."

"வடக்கு தெக்கா மாறி, திரும்பவும் வடக்காயிருக்கு. நேத்து வந்த சேத்துல. அந்தக் காலத்துல அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல. ஆய்வுத் தலைவர் ரெண்டு தடவ பாத்துட்டாரு. பன்னெண்டு மணி அறிக்கையில கரைக்குப் போகுது."

அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தப் பயணத்தோடு அவள் வேலை முடிகிறது. கையில் ஏதாவது ஒன்றோடு இறங்கினால்தான் நீட்டிப்பார்கள். ஏழு வாரமாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்த பெண் இன்றைக்குத்தான் பல் தெரியச் சிரிக்கிறாள்.

"எவ்வளவு நீளத்துக்கு மாறியிருக்கு?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"ஒன்றரை மீட்டர். கத்தி வெச்சு வெட்டின மாதிரி சுத்தமா இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. வடக்கும் தெற்கும் எப்படி மாறும் என்பது அவருக்குத் தெரியாது. ஒன்றரை மீட்டர் தெரியும். ஒரு துண்டு தலைகீழாகப் படுத்திருந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் எல்லாம் தலைகீழாகத்தானே இருக்கும்? பாதி உரித்த முட்டையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகிற வழியிலேயே நேற்றைய காலை நினைவுக்கு வந்துவிட்டது. கூட நிற்கிற மச்சான் (சொந்தத்தில் மச்சான் இல்லை, ஊருக்கே மச்சான்) வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடியிருந்தான். நான்காவது துண்டை, மூடி போடுவதற்கு முன்பே, இவர் தனியாகத் தூக்கினார். நடைமேடை இரண்டு ஆள் அகலம். எதிரே துளைப்புக்காரர்கள் இரும்புக் குழாயோடு "ஒதுங்கு, ஒதுங்கு" என்று வந்தார்கள். துண்டை நட்டுக்குத்தலாக நிறுத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அவர்கள் போனதும் தாங்கியில் படுக்க வைத்தார். எந்த முனையை எந்தப் பக்கம் சாய்த்தார்? அதுதான் ஞாபகம் வரவில்லை. ஆனால் மூடியைப் போட்டபோது "நீலம் மேலே!" என்று கத்தியது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆய்வுக்கூடக் கதவருகே ஓர் ஆணி உண்டு. மூடி மாற்றிப் போட்டவரின் மூடி அதில் தொங்கும், பெயரோடும் தேதியோடும். துண்டுகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும்போது மூடியும் சேர்ந்து பிளந்துவிடுவதால், தொங்குவதெல்லாம் பாதி மூடிகள். இதுவரை ஆறு. ஆறிலும் கையெழுத்து இவருடையது, பெயர்கள் அடுத்தவர்களுடையவை. மச்சான் பெயரை எழுதிய அன்று மூன்று வேளையும் அவனைச் சாப்பிட விடாமல் கேலி செய்திருக்கிறார். வீட்டிலும் இதே கதைதான். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் மேலே எது கீழே எது என்று எழுதி வைத்துவிட்டு வந்தவர். "டப்பாவுக்கு மேல கீழ எனக்குத் தெரியாதா? கப்பல்லயே இருந்துக்கோங்க" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான்காவது துண்டின் ஒரு பாதி மேசையில் இருந்தது. நடுவில் விரல்கடை அகலத்துக்குக் கருப்பாக எரிமலைச் சாம்பல். சாம்பல் கடலில் விழும்போது கனமானது முதலில் இறங்கும், நைசானது பிறகு. அதனால் அடிப்பக்கம் கோடு கிழித்தாற்போல் இருக்கும், மேற்பக்கம் மெல்ல மெல்லச் சேற்றில் கரையும். இங்கே நீல மூடி இருந்த பக்கம் கோடு பளிச்சென்று தெரிந்தது. வெள்ளை மூடிப் பக்கம்தான் கரைந்திருந்தது. சேற்றைக் கண்ணால் பார்த்து விவரம் எழுதுகிற குழு ஒரு நாள் பின்தங்கிக் கிடந்ததால், எல்லோருக்கும் முன்பாகத் துண்டு காந்தத்தின் கருவிக்குப் போயிருக்கிறது. அந்தக் குழு இதைத் தொட மாலை ஆகும்.

மணி பதினொன்று ஐந்து. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலையில் அவர்களே கண்டுபிடிப்பார்கள். மச்சான் கையா இவர் கையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் அறிக்கை கரைக்குப் போயிருக்கும். மாறிப்போன மூடியைக் கண்டுபிடிப்பு என்று அறிவித்தவள் என்கிற பெயர் அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். சொன்னால் அவருடைய இருபத்திரண்டு பயணத்துப் பெயர் போகும். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவள் கருவிக்கு முன்னால் கரைக்கு அனுப்பவேண்டிய படத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் வாம்மா. கையோட வா."

மேசைக்குக் கூட்டிவந்து சாம்பலைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். அவள் காது மடல் சிவப்பதை அவர் பார்த்தார்.

"நான்தாம்மா. மச்சான் அப்ப அங்க இல்ல. நான்தான் திருப்பி வெச்சுட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. மொதல்ல உன்கிட்டதான்."

கப்பல் ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்ணே," என்றாள். "காலையில ஃபோன்ல. அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ஆனா அழுதாங்க."

"மன்னிச்சுக்கம்மா" என்றார். அவள் கருவிக்குப் போய்த் திரையை அணைத்தாள். பிறகு தலைவரின் அறையை நோக்கி நடந்தாள், ஓடவில்லை.

நீலம் பாதி மூடியைக் கத்தியால் நெம்பிக் கழற்றினார். கசிந்த சேற்றைச் சட்டையில் துடைத்தார். பெயர் எழுதும்போது நீலம் என்று எழுதாமல் அம்மா அப்பா வைத்த பெயரையே எழுதினார். பழக்கம் விட்டுப்போனதில் ஓர் எழுத்து கோணிக்கொண்டது. ஏழாவதாக ஆணியில் மாட்டினார். சற்று நேரத்தில் வெளியே அடுத்த குழாய் வருவதாக மணி அடித்தது. போய் நின்றார். மச்சானோடு ஏழு துண்டு அறுத்தார், ஏழுக்கும் மூடி போட்டார். கத்தவில்லை. மச்சான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

கைகழுவ உள்ளே வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவளைக் காணோம். தலைவர் அறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே பேச்சுக்குரல். ஆணியில் எட்டாவதாக ஒரு பாதி மூடி தொங்கியது. அதே நான்காவது துண்டின் மறுபாதியிலிருந்து கழற்றியது. அதில் அவள் கையெழுத்தில் அவள் பெயர், நேற்றைய தேதி இல்லாமல் இன்றைய தேதி, அதன் கீழே பொடியாக: "ஒன்றரை மீட்டர். பார்த்திருக்கணும்."

கப்பல் உருண்டது. இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று இடித்து, விலகி, தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அவளுடையதில் சேறு இன்னும் காயவில்லை.